வதந்திக்குப் பாடசாலைக் கதவை அடைக்கலாமா?

2016 இல் குளியாப்பிட்டியவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்க்கப் பாடசாலைகள் மறுத்தன. தகப்பன் எய்ட்ஸால் இறந்தார் என்று ஊரில் எழுந்த பேச்சுத்தான் காரணம். பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று தாய் சொல்லியும், அவன் சேர்ந்த பாடசாலைக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மற்றப் பெற்றோர் மறுத்தனர். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி இடங்கொடுத்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

இது தெற்கில் நடந்தது என்று யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை ஒதுங்கிவிட முடியாது. 1816 இல் தொடங்கிய யூனியன் கல்லூரியும் 1910 இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரியும் இருக்கும் மண் இது. 1990 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாம்களில் பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் வாழும் வலிகாமம் வடக்கு இது. பாடசாலையை இழப்பது என்னவென்று இங்குள்ளவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இப்படிக் கதவடைப்பது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. தென்னாபிரிக்கச் சிறுவன் நிகோசி ஜோன்சன் பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவன். 1997 இல் ஜோகன்னஸ்பேர்க் பாடசாலை ஒன்று அவனைச் சேர்க்கத் தயங்கியபோது, வளர்ப்புத் தாய் விடாமல் போராடினார். அவன் வகுப்பறைக்குள் போனான். 2000 இல் டர்பன் சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், பதினொரு வயதில், தன்னைப் போன்றவர்களையும் மனிதராக ஏற்கும்படி உலகத்திடம் கேட்டான். அடுத்த ஆண்டே இறந்துபோனான்.

அந்தக் காலம் போய்விட்டது; எச்.ஐ.வி.க்கான சிகிச்சை இன்று இலங்கையில் இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்றளித்தது.

பெற்றோரின் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே வாங்கில் இருந்தாலோ, சேர்ந்து விளையாடினாலோ, ஒரே கோப்பையில் தண்ணீர் குடித்தாலோ எச்.ஐ.வி. தொற்றாது. ஒதுக்கிவைப்பதால்தான் ஆபத்து கூடுகிறது. ஊர் அறிந்துவிடும் என்று அஞ்சுபவர் பரிசோதனைக்கே போகமாட்டார், சிகிச்சையும் பிந்திவிடும்.

அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் நோய் இல்லை. நாடாளுமன்றம் அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை வலிகாமம் கல்வி வலயம் காத்திருக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி. காரணமாகவோ அதுபற்றிய வதந்தி காரணமாகவோ எந்தப் பிள்ளைக்கும் அனுமதி மறுக்கப்படாது, எவரிடமும் இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்கப்படாது என்று எல்லா அதிபர்களுக்கும் எழுத்தில் அறிவிக்கட்டும். பெற்றோர் கூட்டங்களில் வைத்தியர்களே வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். இதை அடுத்த முதலாந்தர அனுமதிக்கு முன்பே செய்ய வேண்டும்.