வேலியோரத்து நொச்சி



தை பிறந்து சம்பா நெல் களம் வந்து சேர்ந்ததும், மறு ஆண்டு விதைக்கென நல்ல மணிகளைப் பிரித்தெடுத்துக் குதிரிலும் பத்தாயத்திலும் சேமித்து வைப்பது காவிரிப் பாசன ஊர்களின் பழைய வழக்கம். அந்நெல்லின் நடுவே நம் பாட்டிமார் ஒரு தழையை உலர்த்திப் பரப்பி வைத்தனர். அதுவே நொச்சி. வாய்க்கால் கரையிலும் கொல்லை வேலியிலும் கேட்பாரற்று வளர்ந்து, நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும் செடி.

பண்டைத் தமிழர் இதற்கு அளித்த மதிப்பு சிறிதன்று. பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளிருந்து காக்கும் வீரர் நொச்சிப் பூவைச் சூடினர். அப்போருக்கே நொச்சித் திணை என்று பெயரிட்டது புறப்பொருள் வெண்பாமாலை. புறநானூற்றில் 271, 272 ஆகிய இரு பாடல்களும் நொச்சியைப் பாடுவன. மதில் காத்த பூ இன்று நெல் காக்கிறதென்றால், அதனைத் தாழ்வென்று நான் கருதவில்லை.

நிற்க. விதை நெல்லுக்குப் பெரும்பகை அந்துப்பூச்சி. இது நெல்மணியின் மேல் முட்டையிடும். வெளிவரும் புழு மணியைத் துளைத்து உள்ளே புகுந்து, பருப்பைத் தின்று வளர்ந்து, பூச்சியாக வெளியேறும். எஞ்சுவது வெறும் கூடு. அதனை நாற்றங்காலில் தெளித்துப் பயன் என்ன? நொச்சியிலையின் காரமான வாடை இப்பூச்சியை அண்டவிடாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னரே மணிக்குள் புகுந்துவிட்ட புழுவை இலை கொல்லாது. ஆகவே நெல்லை நன்கு வெயிலில் காயவைத்து, ஆறிய பின்னரே சேமிக்க வேண்டும். இலையையும் நிழலில் சருகாகும் வரை உலர்த்த வேண்டும். பச்சையிலையை இட்டால் அதன் ஈரமே நெல்லைப் பூசணம் பிடிக்கச் செய்யும். உலர்ந்த இலையைப் படலம் படலமாக இடையிட்டு, வாடை குறைந்ததும் புதிதாக மாற்றுதல் நலம்.

இப்பழைய முறையை நான் வற்புறுத்துவதற்குத் தலையாய காரணம் ஒன்று உண்டு. வேலியிலிருந்த நொச்சியை வெட்டிவிட்டுக் கம்பியும் மதிற்சுவரும் எழுப்பிய இல்லங்கள் சிலவற்றில், நெல் மூட்டைக்குள் ‘வண்டு மாத்திரை’ புகுந்துவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு என்னும் அந்த மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். பெரும் கிடங்குகளில், பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. வீட்டில் வைத்திருப்பதற்கு உரியதன்று. மூட்டை அடுக்கிய அறையில், அல்லது அதற்கு அடுத்த அறையில், குழந்தைகள் உறங்குவது நம் ஊர்களில் இயல்பு. அவ்வாயு பூச்சியென்றும் பிள்ளையென்றும் பாராது. அதற்கு முறிமருந்தும் கிடையாது. உங்கள் இல்லத்தில் அத்தகைய மாத்திரை இருக்குமாயின், அதனைத் தண்ணீரில் எறியாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள், நீங்களே பிரிக்கவும் முயலாதீர்கள். பிள்ளைகளை அப்பக்கம் விடாமல், வேளாண்மை அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள்.

நொச்சியின் மருத்துவப் பயனைத் தாய்மார்கள் என்னினும் நன்கறிவர். சளிக்கு ஆவி பிடிப்பதும், மூட்டு வீக்கத்திற்கு இலையை வதக்கி ஒற்றடமிடுவதும், பிரசவித்த பெண்ணை நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டுவதும் இன்றும் நடைபெறுகின்றன. கொதிக்கும் பானையருகே சிறுவரைத் தனியே விடலாகாது. மூன்று நாள் நீடித்த காய்ச்சலை ஆவியால் போக்க முயலவும் கூடாது. கொசுவை விரட்ட நொச்சிச் செடியை நட்டாலே போதும் என்போரும் உளர்; சென்னை மாநகராட்சிகூட 2010-களில் வீடுகளுக்குக் கன்றுகள் வழங்கியது. இலையைக் கணப்பில் இட்டு எழுப்பும் புகை கொசுவை விரட்டும் என்பது உண்மை. செடி வெறுமனே நிற்பதால் அவ்வளவு பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்து, 2013-இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பரப்பிய முறைகளுள் பூச்சிவிரட்டியும் ஒன்று. ஆடுமாடு தின்னாத தழைகளையும் கசப்புத் தழைகளையும் இடித்து, மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து வடித்துத் தெளிப்பது அது. வேம்பு, எருக்கு, ஆடாதொடை ஆகியவற்றோடு நொச்சிக்கும் அதில் இடமுண்டு. கால்நடை கடிக்காத அக்குணமே இதனை வேலிக்கு ஏற்றதாக்குகிறது.

வளர்ப்பதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. புரட்டாசி, ஐப்பசி மழையில், விரல் பருமனுள்ள முற்றிய கிளையை முழ நீளத்தில் நறுக்கி, பாதி மண்ணுள் இருக்குமாறு ஊன்றினால் போதும். அடர்ந்த வேலி வேண்டுவோர் முழத்திற்கு ஒன்றாக நடலாம். முதற் கோடையில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். பின்னர் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். வாய்க்காலோரம் நட்டால் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கிளைகள் நீரோட்டத்தின் மேல் சாயாதபடி ஆண்டுதோறும் கழிக்க வேண்டும், இல்லையேல் கடைமடைக்காரருடன் வழக்கு வரும். கழித்த வளார்களைக் கூடை முடையலாம். தழையைச் சேற்றில் மிதித்து நாற்றங்காலுக்கு உரமாக்கலாம். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குள் புதுத் துளிர் வந்துவிடும்.