முடுக்கத் தெரியுது, கழட்டத் தெரியல

ஒரகடத்துல 2013லேர்ந்து ராயல் என்ஃபீல்ட் வண்டி தயாராகுது. சுத்துப்பட்டு கம்பெனிகள்ல எங்க பக்கத்துப் பசங்க நாள் பூரா போல்ட் முடுக்குறாங்க. எவ்வளவு இறுக்கணும்னு மிஷினே பார்த்துக்கும். துருப்பிடிச்ச கலப்பை போல்ட்டைக் கழட்டச் சொன்னா மட்டும் சுத்தியலைத் தேடுறாங்க. கழட்டுறதுதான் வேலைங்கிறது என் கட்சி. ராத்திரியே டீசல் ஊத்தி ஊற விடணும். காலையில ரிங் ஸ்பேனர் போட்டு முதல்ல இறுக்குற பக்கமே துளி அசைச்சு, அப்புறம் முன்னும் பின்னுமா எடுக்கணும். பட்டணத்துல பைக் ஓட்டுறவங்களுக்கும் ஒண்ணு: ஸ்பார்க் பிளக்கைச் சூட்டோட திருகாதீங்க. ஹெட் அலுமினியம், பிளக்கோட மரையும் பிச்சிக்கிட்டு வந்துடும். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு லேசான சூடு நல்லது, எண்ணெய் இளகி இறங்கும். மரை போன ஹெட்டுக்கு லேத்துல கேக்குற காசுல நான் நாலு மூட்டை யூரியா வாங்கிடுவேன்!