மறுப்புக்கும் ஒரு கிளை வேண்டும்

வயதுவந்தோருக்கான உரைவழிப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது: ஒன்று ஒழுக்கம், மற்றொன்று, "மொத்தம் எத்தனை முடிவுகள்?" என்னும் எண்ணிக்கை. தெரிவு என்பது அங்கே உண்மையில் என்ன செய்கிறது என்பதை இவ்விரண்டும் தொடுவதில்லை.

எண்ணிக்கையின் கணக்கு எளிது. பத்து இடங்களில் இவ்விரண்டு தெரிவுகள் வைத்து, ஒவ்வொன்றையும் தனிப்பாதையாகவே விட்டால் 1024 முடிவுகளை எழுதியாக வேண்டும். யாராலும் இயலாது. ஆகவே கிளைகள் பிரிந்து, சற்றுத் தள்ளி ஒரே குறுகலில் மீண்டும் கூடுகின்றன. பிரிந்ததன் நினைவு மட்டும் ஒரு மாறியில் எண்ணாகத் தங்குகிறது. சாம் கபோ ஆஷ்வெல் 2015இல் தெரிவுவழி விளையாட்டுகளின் வடிவங்களை வகைப்படுத்தியபோது இவ்வமைப்பையும் ஒரு வகையாகக் காட்டினார். மறுமுறை ஆடும் சுவை முடிவுகளின் தொகையில் இல்லை. அந்த எண் பின்னர் எங்கே வாய் திறக்கிறது என்பதில் இருக்கிறது.

பாதையே பெரிதாக மாறாமல் மறுவாசிப்பைத் தந்த பழைய எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதி இன்ஃபோகாம் 1986இல் வெளியிட்ட 'லெதர் காடஸஸ் ஆஃப் ஃபோபோஸ்' விளையாட்டில் 'டேம்', 'சஜெஸ்டிவ்', 'லூட்' என்று மூன்று நிலைகள். ஆடுபவர் எதைத் தேர்கிறாரோ அதற்கேற்ப வருணனையின் துணிச்சல் மாறும். ஆடுபவரின் பாலினமோ, தொடக்கத்தில் எந்தக் கழிவறைக்குள் நுழைகிறார் என்பதைக் கொண்டு முடிவாகிறது. (படிவம் நிரப்பச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.) மொழிநடையே அங்கு ஒரு தெரிவாகிறது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் எதிர்ப்பாத்திரத்தின் இசைவு ஒரு பூட்டு. நயமொழி, பரிசு, சேர்த்துவைத்த மதிப்பெண் ஆகியவை சாவிகள். மறுப்பு வந்தால் கதை அங்கேயே அறுந்துவிடும், அல்லது முந்தைய தெரிவுக்கே திரும்பும். சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கி வேறு சாவியை இட்டுப் பார்க்கும் வசதி, மறுப்பை ஆடுபவரின் பிழையாகவே பயிற்றுவிக்கிறது. கற்பனைதானே என்பது முழு விடையாகாது. எந்தச் செயலுக்குக் கதை தொடர்ச்சி தருகிறதோ அதுவே அக்கற்பனையின் இலக்கணம். மறுத்த பாத்திரம் அடுத்த அத்தியாயத்தில் தோழியாகவோ, விலகிச் சென்றவளாகவோ, வேறொருவரின் காதலியாகவோ தன்போக்கில் வாழட்டும். அந்தக் கிளையை எழுதுவதற்கு உழைப்பு மிகும் என்பது உண்மைதான். ஆயினும் அதற்காகவே இரண்டாம் முறை ஆடுவோர் இருப்பர்.

இந்திய மொழிகளில் இத்தகைய ஆக்கங்களை எழுத முனைவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். ஆடுபவரை முன்னிலையில் அழைப்பது இவ்வகையின் மரபு. இந்தியில் 'தும் கயே', 'தும் கயீ' என வினையே பாலினம் காட்டுவதால் பல வரிகள் இரண்டாகக் கிளைக்கும். தமிழில் 'போனாய்' இருபாலுக்கும் பொது. ஆனால் 'நீ' எப்போது 'நீங்கள்' ஆகிறது, யார் அதை முதலில் மாற்றுகிறார் என்பது தானே ஒரு கதைத் திருப்பம். மறுப்பிலும் அவ்வாறே. 'வேண்டாம்', 'மாட்டேன்', 'முடியாது' ஆகிய மூன்றும் ஒன்றல்ல: முதலாவது விருப்பமின்மை, இரண்டாவது உறுதி, மூன்றாவது இயலாமை அல்லது இயலாமையின் போர்வையில் வரும் மறுப்பு. ஆங்கிலத்தின் ஒற்றை 'நோ' பொத்தானை அப்படியே பெயர்த்து வைத்தால், மொழி தானாகத் தந்த மூன்று கிளைகள் எழுதப்படாமலே போகும்.