மூன்றாம் தரப்பும் ஒரு பழைய தீர்ப்பும்

2025 மே 10-ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியதை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அமெரிக்க அதிபர் டிரம்ப். காஷ்மீர் பிரச்னைக்குத் தீர்வு காணவும் உதவுவதாக மறுநாள் அவர் கூறினார். மூன்றாம் தரப்புக்கு இடமில்லை என்று தில்லி மறுத்துவிட்டது. 1972 சிம்லா ஒப்பந்தம் முதல் நமது நிலைப்பாடு அதுதான்.

அந்த நாள்களில் ஏனாத்தூரில் மாலை நடைக்குச் சென்றபோது, என்னிடம் பயின்று இப்போது பட்டு வணிகம் செய்யும் ஒருவர் கேட்டார்: "ஐயா, வெளியார் சொல்லி நாம் எப்போதாவது எல்லையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோமா?"

தீர்த்துக்கொண்டிருக்கிறோம். 1965 ஏப்ரலில் குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பு நிலத்தில் இரு ராணுவங்களும் மோதின. பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் இரு தரப்பையும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக ஜூன் 30-ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது. அமைச்சர்கள் பேச வேண்டும். இரண்டு மாதங்களில் முடிவு எட்டாவிட்டால் மூவர் நடுவர் மன்றம் தீர்ப்பளிக்கும். அது இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும். வில்சன் எல்லை எங்கே என்று சொல்லவில்லை. அதைக் கண்டறியும் வழியை மட்டுமே ஏற்கச் செய்தார். அவரது சாமர்த்தியம் அதில்தான் இருந்தது.

மை காயும் முன்பே ஆகஸ்டில் பெரும் போர் மூண்டது. ஆயினும் நடுவர் மன்றம் கலையவில்லை. ஸ்வீடனின் லாகர்கிரன் தலைமையில் ஜெனீவாவில் வாதங்களைக் கேட்டு, 1968 பிப்ரவரி 19-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பாகிஸ்தான் கோரிய ஏறத்தாழ 3,500 சதுர மைலில் சுமார் 350 சதுர மைல் மட்டுமே அதற்குக் கிடைத்தது. அதற்கே இங்கு கடும் எதிர்ப்பு. ஜனசங்கம் சத்தியாகிரகம் நடத்தியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இருப்பினும் எல்லை நிலைத்தது.

அந்தப் போருக்குப் பின் சோவியத் பிரதமர் கோசிகின் தாஷ்கண்டில் முன்னின்று முடித்த 1966 ஜனவரி 10 உடன்பாட்டையும் பாருங்கள். படைகள் திரும்பின, நாம் வென்ற ஹாஜி பீர் கணவாயைத் திருப்பியளித்தோம், அன்றிரவே சாஸ்திரியை இழந்தோம். காஷ்மீர் குறித்து அவரவர் நிலைப்பாட்டை எடுத்துரைத்ததோடு சரி. கைகுலுக்கல் கிடைத்தது, வழிமுறை கிடைக்கவில்லை.

கட்ச் ஆளில்லா உப்புநிலம், காஷ்மீரோ மக்கள் வாழும் மண். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று என் மாணவர் மறுத்தார். அவர் சொல்வது சரியே. காஷ்மீரில் நடுவரை நாம் மறுப்பதில் தவறில்லை. ஆனால், அந்த மறுப்பையே எல்லாவற்றுக்கும் விதியாக்குவது ஏன்?

நடுவர் மன்றத்தின் வரம்புக்கு வெளியே விடப்பட்ட சர் கிரீக் கழிமுகம் 96 கி.மீ. நீளமே. 2007-இல் இரு நாடுகளும் அதைக் கூட்டாக அளந்து வரைபடங்களைப் பரிமாறிக்கொண்டன. அளவீடு முடிந்தும் கோடு மட்டும் வரையப்படவில்லை. 2025 அக்டோபரில் அதே கழிமுகம் குறித்து நம் பாதுகாப்பு அமைச்சர் பாகிஸ்தானை எச்சரிக்க நேர்ந்தது.

கழிமுகத்தின் கோடு முடியும் இடத்திலிருந்துதான் கடல் எல்லை தொடங்க வேண்டும். அது தெளிவாகாததால் குஜராத், சிந்து மீனவர்கள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு எதிர்நாட்டுச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வாடுகிறார்கள், படகுகளும் பறிபோகின்றன. ராமேசுவரத்துச் செய்திகளைப் படிக்கும் நமக்கு அந்தக் குடும்பங்களின் நிலையை விளக்கத் தேவையில்லை.