பெயரைத் தொலைக்கும் பெட்டகம்

வலைச் செயலி ஒன்றில் தமிழில் பெயரை எழுதி, அடுத்த பக்கத்துக்குச் சென்றதும், உள்ளே எழுதியவை யாவும் மறைந்து, "மீண்டும் உள்நுழைக" என்னும் அறிவிப்பு வருவதைக் கண்டோர் நம்முள் இருக்கலாம். "ஆங்கிலத்தில் எழுதிப்பார்" என்று அருகிலிருப்பவர் அறிவுரை கூறுவார். எழுதினால் வேலை நடந்துவிடுவதும் உண்டு. உடனே, குறை தமிழுடையது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு பிழையானது, தீங்கானதும் கூட.

குறை எங்கே பிறக்கிறது? வலை வழங்கிக்கு மறதி அதிகம். ஒரு பக்கத்தை அனுப்பியதும், கேட்டவர் யார் என்பதை அது நினைவில் கொள்வதில்லை. ஆகவே நம் விவரங்களை ஒரு பெட்டகத்தில் வைத்துவிட்டு, அடையாள எண் ஒன்றை மட்டும் நம்மிடம் தருகிறது. இரயில் நிலையத்தில் சாமான்களை ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவது போன்றதே இது. இதையே செஷன் என்கிறோம். ஆனால் நினைவகத்தில் கிளை கிளையாக விரிந்து கிடக்கும் ஆப்ஜெக்டை அப்படியே பெட்டகத்தில் வைக்க இயலாது. அதனைப் பிரித்து ஒரே வரியாக எழுத வேண்டும். பின்னர் அவ்வரியைப் படித்து மீண்டும் கட்ட வேண்டும். எழுதுவது சீரியலைசேஷன், கட்டுவது அதன் மறுதலை.

பி.எச்.பி. மொழி இவ்வரியை எழுதும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளத்தையும் எழுதுகிறது. "பெங்களூரு" என்னும் சொல் நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் 9 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 27 பைட். வரியில் எழுதப்படும் நீளம் 27. பெட்டகமாக அமைந்த தரவுத்தள அட்டவணை தமிழை ஏற்காத பழைய குறியேற்றத்தில் இருந்தால், 9 குறிகளும் 9 கேள்விக்குறிகளாகிவிடலாம். சீட்டில் 27 என்றிருக்கிறது. மூட்டையிலோ 9தான் உள்ளது. காவலன் மூட்டையையே மறுத்துவிடுகிறான். பெயர் மட்டுமன்று, செஷன் முழுவதும் அழிகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே ஆதலால் அங்கே இக்கோளாறு வெளிப்படுவதில்லை. கோளாறு இல்லை என்பதன்று. மறைந்திருக்கிறது என்பதே உண்மை.

"தமிழில் எழுதுவோர் சிலர்தாமே, அவர்களுக்காக இத்தனை பாடா?" என்பார் உளர். சிரிப்பு முகக் குறியின் கதையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு 4 பைட் வேண்டும். மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தின் பழைய யூ.டி.எஃப்-8 அமைப்போ 3 பைட் வரையே ஏற்றது. சிரிப்பு முகத்தை எழுதாதே என்று உலகுக்கு ஆணையிட்டார்களா? இல்லை. 2010இல் 4 பைட் ஏற்கும் அமைப்பைச் சேர்த்தார்கள். 2018இல் வந்த 8.0 பதிப்பில் அதையே இயல்பாக்கினார்கள். ஒரு முகக் குறிக்காகப் பெட்டகத்தை அகலமாக்க முடிந்ததென்றால், ஒரு மனிதனின் பெயருக்காக முடியாதா?

மருந்து அரிதன்று. பெட்டகத்தில் இடும் முன்பும் எடுத்த பின்பும் வரியை அச்சிட்டு, பைட்களை எண்ணி ஒப்பிடுக. அட்டவணையின் குறியேற்றத்தையும், கட்டத்தின் நீளத்தையும் பார்க்க. இட்டபோதிருந்த கிளாஸ் எடுக்கும்போது மாறியிருக்கிறதா என்றும் நோக்குக. எல்லாவற்றினும் மேலாக, முழு ஆப்ஜெக்டைச் செஷனில் திணிக்காமல் பயனரின் எண்ணை மட்டும் வைத்து, மற்றவற்றை வேண்டும்போது தரவுத்தளத்திலிருந்து எடுப்பதே நன்று. ஜாங்கோ கட்டமைப்பு 2013இல் தன் 1.6 பதிப்பில், செஷனுக்குப் பிக்கிள் முறையை விட்டு எளிய ஜேசன் முறையை இயல்பாகக் கொண்டது. பிறர் திருத்திய பிக்கிள் வரியைக் கட்டினால், அவர் ஏவிய கட்டளையும் சேர்ந்து ஓடிவிடும் என்னும் ஆபத்தே அதற்குக் காரணம்.

நண்பர்களே, உலகின் பல செயலிகள் இந்தப் பெங்களூரில் எழுதப்படுகின்றன. எழுதுவோருள் நாமும் இருக்கிறோம்; நாளை இன்னும் பலர் இருப்போம். கன்னட எழுத்துக்கும், தெலுங்கு, மலையாள எழுத்துகளுக்கும் அதே 3 பைட்தான். நமக்கு இடம் தந்த மண்ணின் மொழிக்கும் நம் மொழிக்கும் இங்கே ஒரே வழக்கு. ஆகவே நாம் எழுதும் செயலி எதுவாயினும், முதற் சோதனைக்கு இடும் பெயர் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கட்டும். அச்சோதனையில் தேறாத செயலியை முடிந்ததென்று நாம் கையளிக்கலாகாது.