கம்பைலர் மேல பழி போடாதீங்க மக்கா!

புரோகிராமிங் லேப்ல அடிக்கடி கேக்குற டயலாக்: "வீட்ல நல்லாத்தான் ஓடுச்சு, இங்க வந்ததும் சொதப்புது." அடுத்த டயலாக்கும் ரெடியா இருக்கும்: "கம்பைலர்ல பக் மச்சி!"

பாவம் கம்பைலர் :-)

மார்க்கைக் கூட்டுற ஒரு சின்ன சி புரோகிராம். கூட்டுத்தொகைக்கு வேரியபிள் இருக்கு, ஆரம்ப மதிப்பு கொடுக்கலை. குளோபல் வேரியபிளா இருந்தா சி மொழியே 0 கொடுத்துடும். ஃபங்ஷனுக்குள்ள இருக்கற லோக்கல் வேரியபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்னாடி குடியிருந்தவர் விட்டுட்டுப் போன குப்பை மாதிரி, ஸ்டாக்ல ஏற்கெனவே கிடந்தது கிடைக்கும். அந்த இடத்தை அதுவரை யாரும் தொடலைன்னா பெரும்பாலும் 0 இருக்கும், விடையும் சரியா வரும். அதுதான் ஆபத்தே! நடுவுல ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தாலோ, ஆப்டிமைசேஷனை மாத்தினாலோ விடையும் மாறலாம்.

உடனே வைத்தியர்கள் வந்துடுவாங்க. ஒருத்தர், "பிரிண்ட்எஃப் போட்டா சரியாகுதுல்ல, அப்படியே விட்டுடு"ம்பார். இன்னொருத்தர், "எல்லாத்துக்கும் 0 போட்டுடு"ம்பார். கூட்டலுக்கு அது சரி. மிகக் குறைஞ்ச மார்க்கைத் தேடுற புரோகிராம்ல 0 போட்டா? கிளாஸ்ல ஒருத்தர்கூட முட்டை வாங்கலைன்னாலும் விடை 0தான்! அதுவரை கத்திக்கிட்டிருந்த கருவியும் வாயை மூடிக்கும், மதிப்புதான் கொடுத்தாச்சே.

இத்தனைக்கும் கருவிக்குப் பஞ்சமில்லை. ஜிசிசில எச்சரிக்கைகளை ஆப்டிமைசேஷனோட சேர்த்துப் போடணும். அது இல்லாம இந்த வகைத் தப்புல பல அதுக்குத் தெரியாது. வால்கிரின்ட் 2002லேர்ந்து இலவசமாவே கிடைக்குது. குப்பையைக் காப்பி பண்ணும்போது சும்மா இருக்கும். அந்தக் குப்பையை வச்சு ஒரு இஃப் முடிவெடுக்கும்போது பிடிச்சுடும். கேட்டா, குப்பை எந்த ஃபங்ஷன்ல பிறந்ததுன்னும் காட்டும்.

ஆனா அது காட்டுறதைப் படிக்கணும், வாயை அடைக்கக் கூடாது. 2006ல டெபியன்ல நடந்தது இதுதான். வால்கிரின்ட் எச்சரிக்கை வருதேன்னு ஓப்பன்எஸ்எஸ்எல் கோட்ல ரெண்டு வரியை கமென்ட் பண்ணிட்டாங்க. எச்சரிக்கை நின்னுச்சு. ஆனா அதுல ஒண்ணு, சாவி உருவாக்கத் தேவையான ரேண்டம் தகவலைக் கலக்குற வரி! கடைசியில வித்தியாசம் காட்ட மிஞ்சினது பிராசஸ் எண் மட்டும். அப்போல்லாம் வழக்கமா அது 32,768ஐத் தாண்டாது. உட்கார்ந்து ஒவ்வொண்ணா முயற்சி பண்ணியே சாவியைக் கண்டுபிடிச்சுடலாம். 2008 மே மாசம்தான் விஷயம் அம்பலமாச்சு. அதுவரைக்கும் எல்லாம் "நல்லாத்தான் ஓடுச்சு".

ஓடுதுங்கறது சாட்சியே இல்லை. அந்த வேரியபிள்ல முதல் மதிப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதினவங்களால சொல்ல முடியணும். முடியலைன்னா, பக் கம்பைலர்ல இல்லை, கீபோர்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு!