மத்தியஸ்தருக்குக் காணொளித் துணை

உதைபந்தாட்ட மத்தியஸ்தருக்குக் காணொளி துணைபுரிதல் தகுமோ எனின், தகும் என்பதே எமது கருத்து. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், ஜேர்மனிக்கெதிராக இங்கிலாந்து வீரர் லம்பாட் உதைத்த பந்து கோட்டைக் கடந்து வீழ்ந்ததை உலகமே கண்டது, மத்தியஸ்தர் கண்டிலர். 2014இல் கோல் கோட்டுக் கருவியும், 2018இல் காணொளித் துணையும் அப்போட்டியிற் புகுந்தன. கிரிக்கெட்டிலோ 2008இலேயே கொழும்பில் மறுபரிசீலனை முறை பரீட்சிக்கப்பட்டது. நடுவரின் மாண்பு அதனாற் குன்றவில்லை.

எனினும், நல்லதண்ணி போன்ற தோட்டப்புற மைதானங்களுக்கு இக்கருவிகள் எளிதில் வாரா. ஆங்கு மத்தியஸ்தரின் இரு கண்களே துணை. பந்து தன் கையிற் பட்டதை முதலில் அறிபவன் ஆட்டக்காரனே. அவன் தானே உண்மை உரைப்பானாயின், கருவியின் குறை தோன்றாது. கருவி வருங்காலத்து வரட்டும். வாய்மையை எம் மாணவர் இன்றே பயில்வாராக.